கண்ணை மூடாதவள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து என் எதிரில் நின்று, ஒன்றும் பேசாமல், இமைக்காமல் பார்ப்பாள். அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. இடி விழுந்தாலும் இடத்தை விட்டு நகராதவன் நான் என்பது கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் இரும்பு வாங்கி விற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சம்மட்டி தூக்கியவன். சிப்காட் தாண்டிச் சிதம்பரம் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டு, வாசலில் என் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவைத்தவன். அப்படிப்பட்டவனை ஒரு பார்வையில் நெளிய வைத்த ஆள் அவள் ஒருத்திதான்.

கடல் உள்ளே வந்து போன அடுத்த வருஷம் அது. கரையோரம் முழுக்க வீடு கட்டினார்கள். வீடு என்றால் ஜன்னல், ஜன்னல் என்றால் கம்பி, கம்பி என்றால் நான். ஆள் போதவில்லை. திருவதிகைப் பக்கத்திலிருந்து ஒரு வெல்டர் வேலை கேட்டு வந்தான். அதிர்ந்து பேசாதவன். கூடவே பெண்டாட்டி. அவன் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், இவள் என் பட்டறை வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நானே என் கையால் செய்த கேட்டு. வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

“மாமா, இந்தக் கேட்டு வலப்பக்கம் தொங்குது” என்றாள்.

“யாருக்கு யாரு மாமா? வேல கேட்டு வந்தியா, கொற சொல்ல வந்தியா?”

“ரெண்டுக்குந்தான்.”

புருஷன்காரன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அது என்ன காட்டியது என்பது இப்போது எதற்கு? மறுநாள் அந்தக் கேட்டைக் கழற்றி மாட்டினோம், பெயிண்டும் புதிதாக அடித்தோம், அவ்வளவுதான். இரண்டு பேரையும் வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்தவுடன் எடை போடுகிற வித்தை எனக்கு உண்டு.

அவளுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. டீ குடிப்பதென்றாலும் பட்டறையை ஒரு சுற்று சுற்றிக்கொண்டேதான் குடிப்பாள். சோறு தின்னும்போது முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் கண் மட்டும் எதன் மேல் விழுந்ததோ அதன் மேலேயே நிற்கும். அவள் ஏறுகிற பஸ்ஸுக்கு எங்கள் பட்டறை வாசலில் ஸ்டாப்பிங் கிடையாது. ஆனாலும் அவளை மட்டும் அங்கேதான் இறக்கிவிடுவார்கள். “உன் வேலக்காரம்மா வாயத் தொறந்து ஒன்னும் கேக்கல பெரியவரே, ஏறுனதுலேருந்து என்னையே பாத்துட்டு வருது, எனக்கு டிக்கெட் கிழிக்கவே கை வரல” என்று கண்டக்டர் ஒருநாள் என்னிடம் முறையிட்டார்.

சிதம்பரத்தில் ஒரு வேலை முடிந்து எல்லாருமாக நடராஜர் கோயிலுக்குப் போனோம். தீபாராதனை நேரத்தில் மணி அடித்ததும் கூட்டம் முழுக்கக் கை குவித்துக் கண்ணை மூடிக்கொண்டது. நானும் மூடினேன், என் பெண்டாட்டியும் மூடினாள். இவள் மட்டும் குதிகாலில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடிக் கும்புடு புள்ள” என்றாள் என் பெண்டாட்டி.

“இவ்ளோ தூரம் வந்ததே பாக்கத்தான் அத்த. மூடிக்கினா எப்புடி?”

இந்தக் குணத்தோடுதான் அவள் வெல்டிங் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது.

ஜன்னல் கம்பி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பியைச் சட்டத்தில் நேராக நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் அதன் அடியில் பொட்டு வைத்ததுபோல ஒரு பற்று வைப்பார். டேக் என்போம். அது விழுகிறவரை கம்பி ஒரு நூல் அசையக் கூடாது. வெல்டர் ஒரு கையில் வெல்டிங் ராடு செருகிய ஹோல்டரும், மறுகையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டும் பிடித்திருப்பான். கம்பியைப் பிடிக்கிறவருக்கோ இரண்டு கையும் கம்பியில். அவருக்கு ஆண்டவன் கொடுத்த இமைதான் ஷீல்டு.

அதற்குத்தான் எங்கள் பட்டறைகளில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பொறி எழுப்புவதற்கு முன்னால் வெல்டர், “கண்ணு!” என்று ஒரு குரல் கொடுப்பான். பிடிக்கிறவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். நான் வளர்ந்தது அப்படித்தான், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வளர்ந்ததும் அப்படித்தான். இவள் புருஷனும் தவறாமல் குரல் கொடுப்பான். இவள் மூடமாட்டாள்.

“மூடுனா கம்பி சாயுது மாமா. சாஞ்சா ஒடச்சிட்டு மறுபடியும் வைக்கணும். அதுக்கு ஒருதபா பாத்துத் தொலைக்கிறேன்.”

அவள் பிடித்த ஜன்னல்கள் நூல் பிடித்தாற்போல நின்றது உண்மை. இன்றைக்கும் கரையோரக் குப்பங்களில் போய்ப் பாருங்கள், என் வேலை எதுவென்று தனியாகத் தெரியும்.

அந்த வெளிச்சம் ஒரு திருட்டு வெளிச்சம். பார்க்கிறபோது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கும் நேரத்துக்குத்தான் தொடங்கும். கண்ணில் கடற்கரை மண்ணை அள்ளிப் போட்டு இமையை வைத்துத் தேய்ப்பதுபோல இருக்கும். தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. மறுநாள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு புருஷன் தோளைப் பிடித்தபடி வருவாள். கழுத்துக்குக் கீழே, ரவிக்கை மறைக்காத இடம் மட்டும் சிவந்து, பிறகு தோல் உரியும். “இன்னாடி, வெயில்ல நாத்து நட்டியா?” என்று என் பெண்டாட்டி கேட்பாள். நான் உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து கண்ணில் வைக்கச் சொல்வேன். அதற்கும் அடங்காவிட்டால் தாய்ப்பால். எல்லாப் பட்டறையிலும் உள்ள வைத்தியம்தான்.

பட்டறைக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். இவள் பால் புகட்டுகிற சங்கை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

“உன் ஊட்டுக்காரருக்காக்கா?” என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

“எனக்குத்தான்டீ. அவரு கண்ணாடிக்கு உள்ளாற ஜம்முனு இருக்காரு. நான்தான் வெளிய நிக்கிறேன்.”

இதைப் பட்டறைக்கு வந்து எல்லார் எதிரிலும் சொல்லிச் சிரித்தாள். புருஷன் சிரிக்கவில்லை. ராடைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். அவனுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். பேசத் தெரியாதவன் என்ன செய்வான்? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தான்.

அது மாய மருந்து. விட்ட நிமிஷம் வலி போய்விடும். கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மரத்துப்போகும். அவள் துள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்தக் குப்பி அவள் இடுப்பில்தான் இருந்தது. கொஞ்சம் உறுத்தினால் ஒரு சொட்டு, பிறகு மறுபடியும் கம்பி, மறுபடியும் வெளிச்சம். அந்த நாட்களில் என் பட்டறையில் ஓடிய வேலையைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. நானும் அது நல்ல மருந்து என்றுதான் நினைத்தேன். எனக்கே ஒன்று வாங்கி வைத்தேன்.

ஒருநாள் அவள் கம்பியை நிறுத்திவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

“மாமா, இங்க ஒரு கம்பிதான இருக்கு?”

“ஒன்னுதான். ஏன்?”

“ஒன்னுமில்ல. ரெண்டாத் தெரியுது.”

இரண்டு பேரையும் என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கண் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா கருவியில் அவள் முகவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

“இத யாரும்மா எழுதிக் குடுத்தது?”

“மெடிக்கல்ல கேட்டு வாங்குனது” என்றான் புருஷன்.

“இது நாங்க கண்ணைச் சோதிக்கும்போது விடுற மருந்து. வலியை மறைக்கும், புண்ணை ஆத்தாது. தினமும் விட்டா ஆற வேண்டிய புண்ணையும் ஆற விடாது.”

அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். வெல்டிங் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிறது பாதிதான். தெரியாத புற ஊதாக் கதிர் ஒன்று அதில் இருக்கிறது. வெயிலில் தோல் கருகுவதுபோல அது கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கண்ணுக்கு ஓய்வு கொடுத்து ஒழுங்காக மருந்து போட்டால் ஓரிரு நாளில் ஆறிவிடக்கூடிய காயம். இவள் வலி தெரியாமல் அதன் மேலேயே சுட்டுக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது.

“அந்தத் தழும்பு போவுமா?” என்று கேட்டாள். கால் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

“முழுசாப் போகாதும்மா. அந்தக் கண்ணு மங்கலாத்தான் தெரியும். வலது கண்ணு நல்லா இருக்கு. அதைக் காப்பாத்திக்கோ.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, உங்க கண்ணுலயும் சதை வளந்திருக்கு.”

“அது எனக்கு ராசிங்க” என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் வண்டியில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சாலையோரக் கம்பங்களைப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கடலூர் வருகிறவரை கையை மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே வந்தாள்.

“வாங்கியாந்தது நான்தான்” என்றான் புருஷன்.

“வேணும்னா வாங்கியாந்த? வலிக்குது வலிக்குதுன்னு நான் கத்துனேன், நீ வாங்கியாந்த. உடு.” அப்புறம் என்னிடம் சொன்னாள்: “மாமா, இனிமே ஒரு கண்ணுதான். மிச்சம் இருக்கறத பூரா இத வச்சித்தான் பாக்கணும். ஷீல்டு இல்லாம நான் கம்பியப் பிடிக்கமாட்டேன்.”

கேட்டால் கொடுக்கிறவன் நான். ஆனால் கையில் பிடிக்கிற ஷீல்டு அவளுக்கு ஆகாது. கடலூரில் தேடித் தலையில் மாட்டுகிற ஷீல்டு ஒன்று வாங்கிவந்தேன். தலையை ஆட்டினால் முகத்தின் மேல் விழுந்து மூடிக்கொள்ளும். ஆம்பளைத் தலைக்குச் செய்தது, அவள் கொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. கொண்டையை இறக்கிக் கட்டிக்கொண்டு மாட்டினாள். புருஷன் “கண்ணு!” என்றான். தலையை ஆட்டினாள், ஷீல்டு விழுந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள்.

“ஒரே இருட்டு மாமா. கம்பி எங்க நிக்குதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? கண்ணக் காப்பாத்த கண்ண மூடச் சொல்றியா?”

மூடிப் பிடித்தாள். கம்பி சாய்ந்தது. உடைத்தார்கள். மறுபடியும் மூடிப் பிடித்தாள், மறுபடியும் சாய்ந்தது. ஷீல்டைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இரும்பில் ஒரு மேஜை அடித்தேன். அதில் முளை வைத்து, திருகிப் பிடிக்கிற கிளாம்ப் மாட்டினேன். கம்பியை நிறுத்தித் திருகிவிட்டால் தானாக நிற்கும், மனிதக் கை வேண்டாம். ஒரு படம் பார்க்காமல், ஒரு புத்தகம் படிக்காமல் செய்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இனிமே நீ பிடிக்கவே வேணாம். இது பிடிச்சிக்கும்.”

அவள் கிளாம்பைத் திருகிப் பார்த்தாள். கம்பியை அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

“அப்ப நான் எதுக்கு மாமா? இதான் எனக்கு வந்த சக்களத்தியா?”

கண்ணுக்கு வழி செய்துவிட்டேன், வயிற்றுக்கு அடி கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் தண்ணீர் பிடித்தாள், கூட்டினாள், துரு தட்டினாள். நிற்க முடியாமல் சுற்றினாள். அப்புறம் ஒரு மத்தியானம் புருஷன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஷீல்டை மாட்டிக்கொண்டு ஹோல்டரைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவள் வைத்த முதல் பற்று எறும்புப் புற்று மாதிரி இருந்தது. “இன்னா புள்ள இது, காக்கா எச்சமா?” என்றேன்.

“சிரி மாமா. நீ மொதல்ல வச்சத யாரு பாத்தா?”

டீ குடித்துவிட்டு வந்த புருஷன் அதைப் பார்த்து முகம் கறுத்தான். “அண்ணே, பொம்பள வெல்டிங் வச்சா பாக்கறவன் இன்னா சொல்லுவான்? நான் ஒரு ஆளு இருக்கேன்ல?” சோறு கொண்டுவந்திருந்த என் பெண்டாட்டிதான் அவனுக்குப் பதில் சொன்னாள்: “அவ வெளிய நின்னு கண்ணக் கெடுத்துக்கினப்ப யாரும் ஒன்னும் சொல்லலியே தம்பி?” அதற்குப் பிறகு அவனேதான் அவளுக்கு ராடு சாய்க்கிற விதத்தைக் காட்டிக்கொடுத்தான். இடது கண் மங்கல் என்பதால் அவள் எப்போதும் வேலைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாள். உடைத்து, வைத்து, உடைத்து, வைத்துத் தேறினாள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வெல்டிங் வேலை கொடுத்த முதல் ஆள் நான்தான். மறுப்பவர்கள் நேரில் வரலாம்.

தானே புயலுக்கு முந்தின வருஷம், ஆனி மாதம். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட்டும், கேட்டுக்கு மேலே இரும்பு வளைவும் எடுத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் முதல் கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு, வளைவுக்குள்தான் கார் நுழைய வேண்டும். கேட்டு ஏறிவிட்டது. வளைவு இரண்டு பாதியாக வந்திருந்தது, உச்சியில் சேர்க்க வேண்டும். வளைந்த இடத்தில் கிளாம்ப் கவ்வவில்லை. யாராவது பிடித்துத்தான் ஆக வேண்டும். கனமான இரும்பு, பலசாலி புருஷன்தான். அவன் ஓர் ஏணியில் ஏறித் தோளைக் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்தான். அவள் எதிர் ஏணியில் ஏறினாள். நாங்கள் கொண்டுவந்தது ஒரே ஷீல்டு. கை ஷீல்டு பட்டறையிலேயே கிடந்தது. அது இருந்திருந்தாலும் ஏணியில் நிற்கிறவளுக்கு அதைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

“ம், அடி” என்றான் புருஷன். “நான் கண்ண மூடிக்கிறேன்.”

அவள் ஷீல்டைத் தூக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

“மூடிக்கினா சாயும்.”

“சாயாதுடீ. அடி.”

“சாஞ்சா தொறந்து பாப்ப. எனக்குத் தெரியும்.”

“பாத்தா பாக்கறேன். ஒரு நாளுதான?”

அவள் ஷீல்டைக் கழற்றினாள். எட்டி அவன் தலையில் மாட்டி, பின்னால் திருகி இறுக்கிவிட்டாள். ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள்.

மண்டபத்து ஓனர் ஓடிவந்தார். “இன்னாம்மா எறங்கிட்ட? லைட்டு கட்டுறவனுங்க காத்துட்டு நிக்கிறானுங்க!”

“ஷீல்டு ஒன்னுதான் இருக்கு. அவரு பிடிக்கிறாரு, அவருக்கு வேணும்.”

“அப்ப நீ எப்புடி அடிப்ப?”

“எனக்கு இல்ல. அதான் அடிக்கல.”

ஓனர் என்மேல் பாய்ந்தார். “இன்னாய்யா பெரியவரே இது கூத்து? அஞ்சு நிமிஷ வேல! இன்னிக்கி இது நிக்கலன்னா நாளைக்கி உன் கேட்டையும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடு. இந்த ஊர்ல வேற பட்டற இல்லியா?”

“ஏய் புள்ள, ஏறு. கொஞ்ச நேரம்தான்” என்றேன்.

“கொஞ்ச நேரந்தான் மாமா. நானும் கொஞ்ச கொஞ்ச நேரமாத்தான் பாத்தேன்.” ஏணியைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னாள். “நீ போயி இன்னொன்னு வாங்கியா.”

அன்றைக்குக் கோயிலில் ஆனித் திருமஞ்சனக் கூட்டம். கடைகள் இருக்கிற தேரோடும் வீதிக்குள் புகவே முடியாது. இந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு பட்டறை. அதன் முதலாளி என்னை விடச் சின்னவன், எனக்கு மச்சான் முறை, என் காண்ட்ராக்ட் ஒன்றைத் தட்டிப் பறித்ததிலிருந்து அவன் வாசலை நான் மிதித்ததில்லை. யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாதவன் நான். போய் நின்றேன்.

“வா மச்சான். இன்னா அதிசயம்?”

“ஒரு ஷீல்டு வேணும். தலையில மாட்டுறது. சாயங்காலம் குடுத்துடுறேன்.”

“ஷீல்டு இல்லாமலா வெல்டிங்குக்கு வந்த?”

“ஒன்னு இருக்கு. இது பிடிக்கிறவனுக்கு.”

அவன் உள்ளே திரும்பி ஆட்களைப் பார்த்துக் கத்தினான். “கேட்டீங்களாடா? கடலூர்ல பிடிக்கிறவனுக்கும் ஷீல்டு குடுக்குறாங்களாம்! ஏன் மச்சான், டீ கொண்டாறவனுக்கும் ஒன்னு தரட்டா?”

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது. நான் ஷீல்டை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வந்தபோது புருஷன் ஏணியில் அப்படியே இருந்தான். ஷீல்டு முகத்தின் மேல் விழுந்திருந்தது, இரண்டு கையும் இரும்பில் இருந்ததால் தூக்கிவிட முடியாமல் நின்றான்.

“ஒன்னுமே தெரியலடீ” என்றான் உள்ளேயிருந்து.

“தலைய வெடுக்குன்னு பின்னால சாயி, ஏறிக்கும். இரும்ப நேரா வச்சிக்க. நான் சொன்னப்புறம் ஆட்டி எறக்கு. எறக்குனா அசையாத, மரம் மாதிரி நில்லு, சாயாது.”

என் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள், மாட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டு கறுப்புத் தலைகள் மேலே எதிரெதிராக நின்றன. பொறி எழுந்தது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இன்னாய்யா, வேலயப் பாக்காம செவுத்தப் பாத்துட்டு நிக்கிற?” என்றார் ஓனர்.

“நீயும் திரும்பு” என்றேன். “இன்னும் நெறைய டேக்கு இருக்கு.”